தம்பியைச் சேர்த்த இடத்தில் நான் கேட்காமல் விட்ட பதிவேடு

கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சங்கங்களில் நான் புரட்டாத பேரேடு குறைவு. உரமூட்டை இருப்பில் ஒன்று குறைந்தாலும் செயலாளரை உட்கார வைத்துக் கேட்பேன். அப்படிப்பட்ட நான், கூடப் பிறந்த தம்பியைக் குடிபோதை மறுவாழ்வு மையம் ஒன்றில் கொண்டுபோய் விட்டபோது ஒரு காகிதத்தைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் 1,86,700 ரூபாய் போயிற்று. நகையை வைத்து வாங்கிய கடனின் வட்டி அதில் சேராது. பணத்தை எப்படியோ அடைத்துவிட்டேன். அந்த எட்டு மாதத்தில் அவன் உடம்பில் பட்டதையும், என்னை அவன் பார்த்த பார்வையையும் அடைக்க முடியவில்லை. இப்போது யாராவது போன் பண்ணி "எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிறேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். அப்பா விட்டுப்போன நாலு ஏக்கரில் பாதி தென்னை, பாதி நெல். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் தென்னையில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. அதற்கு முன்பும் தம்பி குடிப்பான். அறுப்பு முடிந்தால் குடிப்பான், திருவிழா என்றால் குடிப்பான். புயலுக்குப் பிறகு காலையிலேயே ஆரம்பித்தான். மரம் போன துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பி நாலு வருஷம் சும்மா இருந்தேன். 2022 ஐப்பசியில் கை நடுக்கம் நிற்கவே காலையில் ஒரு குவார்ட்டர் வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். அவன் பெண்சாதி போனில் அழுதாள். "அண்ணி, இனிமே என்னால முடியாது. நீங்க வந்து ஏதாவது பண்ணுங்க."

அதற்கு முன்னாலேயே நான் ஒன்று பண்ணியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார்கள் என்று ஒரு பொடியை 3,200 ரூபாய்க்குக் கூரியரில் வரவழைத்து, குழம்பில் கலக்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று இன்று வரை தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதை நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, ஈரலையும் இதயத்தையும் சோதித்த பிறகுதான் டாக்டர் கொடுக்க வேண்டும். அது உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தயவுசெய்து யார் சொன்னாலும் எதையும் கலந்து கொடுக்காதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். நூறு சதவீதம் குணம், வாகன வசதி உண்டு என்று போட்டிருந்தது. போன் பண்ணினேன். எடுத்தவர் என்ன குடிக்கிறார், எத்தனை வருஷமாக, வலிப்பு வந்திருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "கவலைப்படாதீங்க மேடம், நாலு பசங்க வண்டியோட வருவாங்க. நீங்க கதவ மட்டும் திறந்து விடுங்க" என்றார். எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்தது தெரியுமா அந்தக் குரல்! ராத்திரி இரண்டு மணிக்கு வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பித் துண்டால் கையைக் கட்டினார்கள். "அக்கா, அக்கா" என்று கத்தினான். நான் திண்ணையில் நின்றுகொண்டு வண்டிக்கூலி 6,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் நிறுத்திச் சட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அன்று எனக்கு அது தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையான நிலையையும் மனநோய்க்குள்தான் வைத்திருக்கிறது. அதனால் இப்படிப்பட்டவர்களை உள்ளே தங்க வைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தானாக வந்து சேர்கிறவர் ஒரு வகை. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்கப் பிரிவு 89 இருக்கிறது. அவருடைய பிரதிநிதி எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அப்படியும் முதலில் 30 நாள்தான். சேர்த்த தகவல் ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். பெண்களாக இருந்தால் மூன்று நாளுக்குள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோனவர்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ராத்திரி வண்டியில் வந்து துண்டால் கட்டித் தூக்கிப் போவது இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. வண்டி அனுப்புகிறோம் என்பதுதான் ஒரு மையத்தின் முதல் வார்த்தை என்றால், அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

அந்த மையம் தஞ்சாவூரைத் தாண்டி இருந்தது. மறுநாள் பணம் கட்டப் போனேன். சேர்க்கைக் கட்டணம் 15,000, மாதம் 14,000 வீதம் மூன்று மாதத்துக்கு முன்பணம் 42,000, மருந்துக்கென்று தனியாக 9,500. ரசீது கேட்டபோது டிரஸ்ட் பெயரில் நன்கொடை ரசீது கொடுத்தார்கள். சிகிச்சைக்கு வாங்கும் பணத்துக்கு எதற்கு நன்கொடை ரசீது என்ற கேள்வி, வேறு எங்கே பார்த்திருந்தாலும் என் வாயில் உடனே வந்திருக்கும். வரவேற்பறை சுத்தமாக இருந்தது, மீன் தொட்டி வைத்திருந்தார்கள், சாமி படங்களுக்குப் பூப்போட்டிருந்தது. அதில் மயங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தம்பியைப் பார்க்கலாமா என்றேன். "முப்பது நாளைக்குப் பார்க்கக் கூடாது மேடம், பார்த்தா மனசு மாறிடுவாங்க" என்றார்கள். அது சிகிச்சை முறை என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். வீட்டாரோடும் வெளியாரோடும் பேசுவது, பார்ப்பது உள்ளே இருப்பவரின் உரிமை என்று அதே சட்டம் சொல்வதை ரொம்பப் பின்னால்தான் படித்தேன்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. முந்தின ராத்திரி ஃபிட்ஸ் வந்ததாம், இப்போது சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறானாம், வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். தினமும் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் நினைவு குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே எதிர்பார்த்து, லோரசிபாம், டையாசிபாம் வகை மருந்தை அளவாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்து, தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போட்டால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்த மையத்தில் தினம் வரும் டாக்டரே இல்லை. தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் "இதுவரை என்ன மருந்து கொடுத்தாங்க?" என்று கேட்டார். கூட வந்த பையன் "தூக்க மாத்திரை சார்" என்றான். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று ஒரு சீட்டுகூட இல்லை. ஐந்து நாள் ஐசியூ, பில் 71,000. வளையலை அடகு வைத்தேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் திரும்பவும் அதே மையத்தில் விட்டேன். மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள், வீட்டுக்கு அழைத்துப் போனால் குடிப்பான். இந்தக் கணக்கைத்தான் போட்டேன். வண்டியிலிருந்து இறங்கும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. அங்கே இரண்டு ஹாலில் 34 பேர், இரண்டு கக்கூஸ், முன்பு நோயாளியாக இருந்த ஒருவர்தான் வார்டன், எதிர்த்துப் பேசினால் அடி. இதெல்லாம் அவன் எனக்குச் சொன்னது ஒரு வருஷம் கழித்து. 90 நாள் முடிந்து வெளியே வந்தான். ஒன்பதாவது நாள் குடித்தான். மையத்துக்குப் போன் பண்ணினேன். "அவருக்கு வில்பவர் இல்ல மேடம், திரும்பச் சேருங்க, சேர்க்கைக் கட்டணத்துல தள்ளுபடி தர்றோம்" என்றார்கள்.

2023 மாசியில் இரண்டாவது இடம். இந்த முறை நேரில் போய்ப் பார்த்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது, யாரும் அடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார்கள். சேர்க்கை 10,000, இரண்டு மாதத்துக்கு 30,000. ஆறாவது வாரம் ஒரு ஞாயிறு மேனேஜர் வர நேரமானது. மேஜைமேல் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது. வாரம் மூன்று நாள் வந்து தனித்தனியாகக் கவுன்சலிங் தருவதாகச் சொல்லப்பட்ட உளவியலாளரின் கையெழுத்து அந்த மாதம் முழுக்க இருந்தது. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. மாதம் பூராவையும் ஒரே உட்காரலில் போட்ட கையெழுத்து எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஊழியர்கள் வெளியே போய்வருவதை எழுதும் நகர்வுப் பதிவேட்டில் இதைப் பார்த்துப் பார்த்துத்தானே காலம் தள்ளுகிறேன். தம்பியைக் கூப்பிட்டு, "உங்கிட்ட தனியா உக்காந்து யாராவது பேசினாங்களாடா?" என்று கேட்டேன். "இல்லக்கா. காலையில பிரேயர், மத்தியானம் டிவி, சாயங்காலம் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சார் பேசுவாரு" என்றான். அன்றே அழைத்து வந்துவிட்டேன். மீதி நாளுக்குப் பணம் திரும்பவில்லை. ஆனால் அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. நான் தினமும் செய்கிற வேலையைத்தான் அங்கே செய்திருக்க வேண்டும்.

2023 ஜூனில், மேட்டூர் திறந்த அந்த வாரம், ஊரில் எல்லோரும் குறுவைக்கு நாற்றங்கால் வேலையில் இருக்க, நாங்கள் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். இதை முதலிலேயே செய்யாததற்கு வெட்கம்தான் காரணம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம். அங்கே பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளை வைத்துக் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, 40-க்கு மதிப்பெண். 20-ஐத் தொட்டாலே அடிமை நிலையாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும், தம்பிக்கு 31. வார்டில் பதினொரு நாள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நேரம் எழுதிக் கையெழுத்திட்ட தாள் அவன் படுக்கையில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்து அழுதேன். இப்படி ஒரு தாள் அந்த முதல் இடத்தில் இருந்திருந்தால் ஐசியூவுக்குப் போயிருக்கவே வேண்டாம். பதினொரு நாளைக்கும் ஆன செலவு எங்கள் பஸ் காசும் சாப்பாடும்தான்.

அங்கிருந்த சமூகப் பணியாளரிடம் என் குற்ற உணர்ச்சியை எல்லாம் கொட்டினேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். 2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். "நீங்க தப்பான இடத்துக்குப் போனீங்க. ஆனா போனீங்களே" என்றார். பிறகு, "உங்க ஊருக்குப் பக்கத்துலயே இதை ஒழுங்கா செஞ்சு காட்டியிருக்காங்க, கேள்விப்பட்டதில்லையா?" என்று குடவாசல் பக்கத்து மஞ்சக்குடியைச் சொன்னார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனைக்காரர்கள் கிராமத்திலேயே முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொண்டு குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். அந்த அனுபவம் 1994-ல் வெளிநாட்டு மருத்துவ இதழிலேயே கட்டுரையாக வந்தது. நான் பிறந்து வளர்ந்த ஜில்லாவில் நடந்தது. எனக்குத் தெரிந்திருந்தது பஸ் ஸ்டாண்டுச் சுவர் போஸ்டர் மட்டும்.

அவர் அனுப்பி வைத்த மூன்றாவது இடம், மத்திய அரசின் மானியத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன மையம். இலவசம். கட்டிடம் பழசு, சுவரில் ஓதம் ஏறியிருந்தது. மீன் தொட்டியெல்லாம் கிடையாது. இங்கே நான் தணிக்கைக்காரியாகவே போனேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் கேட்டேன். அதில் உள்ள பெயர், முகவரி, படுக்கை எண்ணிக்கை நான் நிற்கிற இடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் ஒரு கிளைக்கு வாங்கிய சான்றிதழை இன்னொரு கிளையில் மாட்டி வைப்பது நடக்கிறது. மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறார் என்று மேனேஜரிடம் கேட்காமல் சமையல்கார அம்மாவிடம் கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிட்ஸ் வந்தால் யார் இருப்பார், எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லாமல் நர்ஸ் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் சொன்னார்கள். பெயரை மறைத்து ஒரு நோயாளியின் கோப்பைக் காட்டச் சொன்னேன். அவருக்கென்று எழுதிய சிகிச்சைத் திட்டம், வாரா வாரம் குறிப்பு, வேறு வேறு நாளில் வேறு வேறு மையில் கையெழுத்து. டாய்லெட்டைப் பார்த்தேன். புகார்ப் பதிவேட்டைக் கேட்டேன். அதில் புகார்கள் எழுதியிருந்தன, சாம்பாரில் உப்பு முதல் கொசு வரை, பக்கத்தில் என்ன செய்தோம் என்றும் இருந்தது. வருஷம் பூரா வெற்றாகக் கிடக்கும் புகார்ப் பதிவேடுதான் என்னைப் பயமுறுத்தும்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், டிஸ்சார்ஜ் ஆன பிறகு என்ன செய்வீர்கள் என்பதைக் கேளுங்கள். ஒரு சங்கம் இத்தனை கோடி கடன் கொடுத்தோம் என்று சொன்னால் அது நன்றாக நடக்கிறது என்று நான் எழுதுவதில்லை. தவணை தவறிய நிலுவை எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று பார்த்துத்தான் எழுதுவேன். மையமும் அப்படித்தான். ஆயிரம் பேர் குணமானார்கள் என்று போஸ்டரில் போடலாம். குடிநோய் சர்க்கரை நோய் மாதிரி நீண்ட காலம் கூடவே வரும் நோய், மறுபடி குடிப்பது அதில் நடக்கக்கூடியது. அதனால் நூறு சதவீதம் என்று யார் சொன்னாலும் பொய். இப்படிக் கேளுங்கள்: ஆறு மாதத்துக்கு முன்னால் இங்கிருந்து வெளியே போன பத்துப் பேரில் எத்தனை பேர் இன்று எப்படி இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்? எத்தனை பேர் போனை எடுக்கிறார்கள்? எத்தனை பேர் மறு பரிசோதனைக்கு வந்தார்கள்? முதல் இரண்டு இடத்திலும் இதற்குப் பதில் இருந்திருக்காது. மூன்றாவது இடத்துச் செயலாளர் கொஞ்சம் தயங்கி, "உண்மையச் சொல்லணும்னா பாதிப் பேர் எங்க இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியலம்மா. அதான் எங்க குறை" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் தம்பியை அங்கே சேர்த்தேன்.

குறையைத் தெரிந்து வைத்திருந்தாரே தவிர, எப்படிச் சரி செய்வது என்று அவருக்குப் புரியவில்லை. தம்பி உள்ளே இருந்தபோது என் வேலையைத் தெரிந்துகொண்டு, லீவு நாளில் வந்து எங்கள் நடைமுறையைப் பார்த்துச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அங்கிருந்த இளம் கவுன்சலர் ஒரு வழி சொன்னார். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2003-ல் தொடங்கிய நயாடெக்ஸ் என்ற முறையாம். போதைச் சிகிச்சை மையங்களுக்கென்றே உருவானது. காத்திருக்கும் நாளைக் குறைப்பது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவதைக் குறைப்பது, சேர்கிறவர்களைக் கூட்டுவது, நடுவில் விட்டுப் போகாமல் தொடர வைப்பது என்று நாலே குறி. முதல் வேலையாக, மையத்து ஆள் ஒருவர் நோயாளியாகவோ வீட்டாராகவோ வேஷம் போட்டு முதல் போனிலிருந்து கடைசி வரை நடந்து பார்க்க வேண்டும்.

நான் நடந்து பார்த்தேன். போர்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை சமையல்கார அம்மா எடுத்து, "டாக்டரு இல்லம்மா, நாளைக்குப் பண்ணுங்க" என்றார். குடிக்கிறவன் "சரி, வர்றேன்" என்று சொல்வது ஒரு நாள், அதில் ஒரு வேளை. அந்த வேளையில் நாளைக்கு என்றால் முடிந்தது கதை. பஸ்ஸில் போய் இறங்கினேன். காத்திருக்கும் பெஞ்சு ரோட்டைப் பார்த்து வாசலில் போட்டிருந்தது. போகிற வருகிறவர் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் எனக்கே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. பெயரையும் முகவரியையும் நாலு தாளில் நாலு முறை எழுதச் சொன்னார்கள். டாக்டரைப் பார்க்க மூன்றே கால் மணி நேரம். இதையெல்லாம் எழுதிப் படித்தபோது செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், இரண்டு வாரம் செய்து பார்ப்பது, எண்ணுவது, சரியாக வந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். முதலில் ஒரு செல்போன் வாங்கி, இன்றைக்கு யார் பொறுப்பு என்று கரும்பலகையில் பெயர் எழுதினார்கள். பெஞ்சைப் பின்பக்கத்து வேப்பமரத்தடிக்கு மாற்றினார்கள், அதற்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. மறு பரிசோதனைத் தேதியைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்தோம். அது தோற்றுப் போயிற்று. பலருடைய போன் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தது, சிலருக்குப் படிக்க வராது. விட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் ஆள் பேசுவது என்று ஆரம்பித்தோம். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது புற நோயாளிகள் வருவதே நின்றுபோனது. பகலில் யார் வருவார்கள்? கூலி நாள் சனிக்கிழமை, அன்றைக்குத்தான் கை நிறையக் காசு இருக்கும், கால் டாஸ்மாக் பக்கம் போகும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றினார்கள். வந்தார்கள்.

தம்பி விஷயத்தில் எனக்குப் பட்ட பெரிய வித்தியாசம், அவன் பெண்சாதியை அவர்கள் தனியாக உட்கார வைத்துப் பேசியது. முதல் இரண்டு இடத்திலும் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பணம் கட்டுகிற நான்தான் அவர்களுக்கு வீட்டார். இரண்டாவது வாரத்திலேயே டிஸ்சார்ஜுக்கான திட்டத்தை மூவரும் சேர்ந்து எழுதினோம்: எந்த வழியாக வயலுக்குப் போவது, கூலியை யார் வாங்குவது, ஆசை வந்தால் யாருக்குப் போன் பண்ணுவது. அவன் 2024 பொங்கலுக்கு மறுநாள் குடித்தான். முப்பதாம் நாள் போன் எல்லாம் தாண்டிப் போயிருந்த நேரம். ஆனால் அவனே மறுநாள் காலை மையத்துக்குப் போன் பண்ணினான். யாரும் வில்பவர் பற்றிப் பேசவில்லை. "இன்னிக்கே வாங்க" என்றார்கள். ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு இதுவரை இல்லை. என்னிடம் பழையபடி பேசுகிறான் என்று சொல்ல முடியாது. அந்த ராத்திரியைப் பற்றி ஒரு முறை நானே ஆரம்பித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

நம்பர் வேண்டும் என்பவர்களுக்கு: 14446 மத்திய அரசின் போதை ஒழிப்பு உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இப்போது அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரிலும் போதைச் சிகிச்சை மையங்கள் திறந்திருக்கிறார்கள். தினமும் குடிக்கிறவராக இருந்தால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முதல் நாலு நாளும் டாக்டர் கண்ணில் இருக்கட்டும். ஏற்கெனவே ஒரு மையத்தில் சேர்த்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள், மருத்துவக் குறிப்பின் நகலை எழுத்தில் கேளுங்கள், அதைப் பெறுவது நோயாளியின் உரிமை. கொடுக்க மறுத்தால், பார்க்க விட மறுத்தால், கட்டிய பணத்தை நினைத்துக்கொண்டு அங்கேயே விட்டு வைக்காதீர்கள். நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை மையத்துக்குப் போயிருந்தேன். போன் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். கோட்டூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், டிராக்டர் ஓட்டுகிறவர். மூன்றாம் நாள்: எடுத்தார், நன்றாக இருக்கிறார். பத்தாம் நாள்: எடுக்கவில்லை. பதினொன்றாம் நாள்: எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள்: சுவிட்ச் ஆஃப். அதற்குக் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்தில்: "நேரில் போனோம். குடித்திருந்தார். மனைவியிடம் பேசினோம். வெள்ளிக்கிழமை இருவரும் வருவதாகச் சொன்னார்கள்." அடுத்த வரியில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டு, "வந்தார்கள்" என்று இருந்தது.